சும்மா இருக்கும் கணக்காளர்

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ ஆழ்ந்து யோசித்து எழுதியதாக நீங்கள் நினைப்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"நான் சும்மா இருக்கேனா? யார் சொன்னது? சொல்லுங்க அம்மா, நான் சும்மாவா இருக்கேன்?"

அதன் பிறகு ஒரு பாத்திரம் விழுந்தது. (எறியப்பட்டது என்று எழுதினால் கதை சூடு பிடிக்கும். ஆனால் நான் பார்க்கவில்லை. விழுந்தது என்றே இருக்கட்டும்.)

அவள் சொன்னது சிங்களத்தில். சொன்ன சொல் 'நிகங்'. நம்முடைய 'சும்மா'வை இவ்வளவு முழுசாகத் தாங்கிக்கொள்ளும் சொல் வேறு மொழியில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வேலையில்லாமல் இருப்பதும் நிகங். காசு வாங்காமல் கொடுப்பதும் நிகங். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று பொய்யிலிருந்து நழுவுவதும் நிகங்தான். இந்த மூன்று அர்த்தங்களும் இந்தக் கதைக்குள் வரும். மூன்றும் அவளை ஒவ்வொரு தடவை அடிக்கும்.

2

அதே வாரம் ஒரு பத்திரிகையின் கல்வி இணைப்பிலிருந்து கேட்டிருந்தார்கள். 'கணக்கியல்: பட்டமா, தொழில்சார் தகைமையா?' என்று எழுத வேண்டும். இளைஞர்களுக்கு நம்பிக்கை தரும்படி. முடிவு மகிழ்ச்சியாக இருந்தால் நல்லது. நான் எதிர்வீட்டுப் பெண்ணை எடுத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "உபேக்ஷா வன்னிநாயக்க கம்பஸ் போகவில்லை. ஆனால் இன்று அவளுடைய மாதச் சம்பளம்…"

வெட்டினேன். சம்பளத்தைக் காட்டித்தான் ஒருத்தி தன் முடிவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

இரண்டாம் தொடக்கம்: "வறுமை காரணமாகப் பல்கலைக்கழகக் கனவைத் துறந்த…"

பொய். அவளுடைய அப்பா பியதிலக்க, பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். வீட்டில் வறுமை இல்லை. குருநாகலுக்கும் நாரம்மலைக்கும் இடையில் ஓடு போட்ட வீடு, பின்னால் தென்னை. ஆனால் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போகாத பிள்ளை என்றவுடன் வறுமை, காதல், தோல்வி என்று ஏதாவது ஒன்றை என் கையே தேடுகிறது.

மூன்றாம் தொடக்கம்: "உயர்தரப் பரீட்சையில் அவள் தோற்றபோது…"

தோற்கவில்லை. அதுதான் பிரச்சினையே. வர்த்தகப் பிரிவில் அபாரமாகச் செய்தாள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்தது. டியூஷன் மாஸ்டர் சந்தியில் பெரிய பதாகை கட்டினார். வெள்ளைச் சீருடையும் பள்ளி டையுமாக உபேக்ஷா அதில் சிரித்தாள். அம்மா சோமலதா பாற்சோறு கிண்டி, சதுரம் சதுரமாக வெட்டி, ரோட்டிலுள்ள எல்லா வீட்டுக்கும் அனுப்பினாள். என் வீட்டுக்கும் வந்தது. காரமான கட்டைச் சம்பலோடு.

பதிவு செய்யவேண்டிய நாள் வந்தபோது உபேக்ஷா பதிவு செய்யவில்லை. கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பகலில் வேலை, மாலையில் வகுப்பு, பரீட்சைக்கு மேல் பரீட்சை. எல்லாம் முடிந்தால் பட்டயக் கணக்காளர். பட்டம் இல்லை.

"பாற்சோறு சாப்பிட்டவங்ககிட்ட போய் இப்ப என்ன சொல்றது?" என்றாளாம் சோமலதா. "திருப்பிக் குடுங்கன்னா?"

3

இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. ஏன் போகவில்லை?

அந்தச் சத்தத்துக்குப் பிறகு நானே அவளிடம் கேட்டேன். ஒருநாள் பஸ்ஸில், "ஒரு வருஷத்துக்கு மேல கம்பஸ் வாசல்ல காத்திருக்கணும். அதுக்கப்புறம் ஸ்ட்ரைக். எனக்குப் பொறுமை இல்ல" என்றாள். இன்னொரு நாள், "நாலு வருஷம் கணக்கைப் பத்திப் படிக்கணுமா, இல்ல கணக்குப் பாக்கணுமா? நீங்களே சொல்லுங்க" என்றாள். மூன்றாம் தடவை எரிச்சலோடு சொன்னாள்: "பையன் ஒருத்தன் இதைச் செஞ்சிருந்தா கேப்பீங்களா? கெட்டிக்காரன், சீக்கிரம் உழைக்கத் தொடங்கிட்டான்னு சொல்லுவீங்க."

பத்திரிகைக்கு ஒரு காரணம் வேண்டும். மூன்று இருந்தால் ஆசிரியர் இரண்டை வெட்டுவார். எதை வெட்டுவார் என்று எனக்குத் தெரியும்.

அவள் சொல்லாத நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். வேலையைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் மாறும். முதன்முதலாகச் சரக்கு இருப்பு எண்ண அனுப்பியது ஒரு தேங்காய்த்துருவல் ஆலைக்கு. தலைமயிர், இமை எல்லாம் வெள்ளை. மேல் தட்டில் இருந்த மூட்டைகளை அவள் பார்க்காமலே சரி என்று குறித்துவிட்டாள். களஞ்சியக்காரர் சொன்ன எண்ணிக்கையை நம்பித்தான் அப்படிக் குறித்தாள்.

கூட வந்த சீனியர் பெண் கேட்டாள்: "மேல ஏறிப் பாத்தீங்களா?"

"ஸ்டோர்கீப்பர் அண்ணன் சொன்னாரு."

"அப்ப அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நங்கி, ஏறுங்க."*

ஏறினாள். மூட்டைகள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அன்றிலிருந்து பார்க்காததற்குக் கையெழுத்து இல்லை. அவர்கள் தொழிலில் ஒரு வாசகம் உண்டு, 'உண்மையானதும் நியாயமானதும்' என்று. மற்றவர்களுக்கு அது அறிக்கையின் கடைசியில் வரும் அலுப்பான வரி. அவளுக்கு அது பல் துலக்குவது மாதிரி ஒரு பழக்கமாகிவிட்டது.

* நங்கி என்றால் தங்கை. இதைத் தமிழில் அப்படியே வைக்கலாம், சேதமில்லை. ஆனால் சிங்களத்தில் அப்பாவைத் 'தாத்தா' என்பார்கள். அதை நான் அப்படியே வைத்தால் பியதிலக்க ஒரே வரியில் முப்பது வயது கூடிக் கிழடாகிவிடுவார். ஆகவே அவர் இந்தக் கதையில் அப்பாவாகவே இருக்கிறார்.

4

இனிப் பொய்யைப் பற்றி.

அது பொய்யாகப் பிறக்கவில்லை. பிக்குகளுக்கு அன்னதானம் கொடுக்கும் ஒரு தானவீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி கேட்டாள்: "சோமலதா அக்கா, மகள் இப்ப கம்பஸ்ல தானே?"

சோமலதா, "ம்" என்றாள்.

அவ்வளவுதான். அது ஒரு சொல்கூட இல்லை, மூக்கால் விட்ட காற்று. ஆனால் உடனே ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்காரும் நல்ல பலகையை இவள் பக்கம் தள்ளினார்கள். அதுவரை 'டிப்போக்காரர் பொஞ்சாதி'யாக இருந்தவள் 'கம்பஸ் பிள்ளையின் அம்மா' ஆனாள். (இதைச் சோமலதா என்னிடம் சொல்லவில்லை. பலகையைத் தள்ளிய பெண்மணி சொன்னாள், வேறெதையோ பேசும்போது.)

பிறகு அந்த 'ம்' சாப்பிட்டு வளர்ந்தது. கொழும்பில் போர்டிங் என்றால் கம்பஸுக்குப் பக்கத்தில் போர்டிங். பரீட்சைக்குப் படிக்க உபேக்ஷா லீவு எடுத்து வீட்டில் இருந்தால், "ஸ்ட்ரைக் போல?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். "என்ன செய்றது, இந்தப் பிள்ளைகளோட காலமே வீணாப் போகுது" என்று சோமலதா பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு மட்டும் உண்மை.

அப்பாவோ டிப்போவில் உண்மையையும் ரோட்டில் பொய்யையும் சொன்னார். கேட்டால், "டிப்போவுல ஒரு டைம்டேபிள், ரோட்டுல ஒரு டைம்டேபிள். ரெண்டும் ஓடுதுதானே" என்பார். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். இந்த வரியை எழுதும்போது மட்டும் பிடிக்கவில்லை.

உபேக்ஷாவுக்கு 'ம்' தெரியும். அது மேடை ஏறும் அளவுக்குக் கொழுத்துவிட்டது என்பது தெரியாது. நான் சத்தம் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கேக் பெட்டியோடு வந்தாள். கடைசிப் பரீட்சையும் பாஸ். முற்றத்திலேயே சொன்னாள். அம்மா கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தாள். அப்பா கேக்கை வெட்டும் முன்பே அதன்மேல் இருந்த ஐசிங் ரோஜாப் பூ ஒன்றைத் தின்றார். எல்லாம் சரியாக நடந்தது. பிறகு, தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே, சோமலதா சொன்னாள்:

"அப்புறம் மகள்… மரண உதவிச் சங்கத்துல இந்த வருஷம் பட்டம் எடுத்த பிள்ளைகளைக் கௌரவிக்கிறாங்களாம். சங்கத்து ஹேரத் சேர் வந்து கேட்டாரு. கவுன் போட்ட படம் ஒண்ணு வேணுமாம்."

"என்ன கவுன்?"

"பட்டம் எடுக்கிற கவுன்."

அப்பா இடையில் புகுந்தார். "கவுன் போட்டு சின்னதுல ஒரு படம் எடுத்தோமே, ஃப்ரில் வெச்சது. அதைக் குடுத்தா போதாதா?"

யாரும் சிரிக்கவில்லை.

"நான் பட்டம் எடுக்கல்லையே அம்மா. இப்பதானே சொன்னேன், நான் என்ன எடுத்தேன்னு."

"எனக்கு விளங்குது. ரோட்டுக்கு விளங்குமா? அரசாங்கம் சும்மா குடுத்த படிப்பை வேணாம்னு விட்டுட்டு பிள்ளை சும்மா இருக்குன்னுதான் சொல்லுவாங்க."

அதன் பிறகுதான் நான் பல் துலக்கும்போது கேட்ட சத்தம். அதன் பிறகுதான் பாத்திரம்.

5

[இந்தப் பகுதியை எழுதிவிட்டு நீக்கினேன். சங்கத்தின் கணக்கை உபேக்ஷாவிடம் கொடுக்கிறார்கள். அவள் அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கிறாள். ஹேரத் சேர் தலைகுனிகிறார். ஊர் கைதட்டுகிறது. நன்றாக வந்திருந்தது. ஆனால் உண்மையான ஹேரத் சேர் பென்சனில் வாழும் நேர்மையான முன்னாள் அதிபர். அவரைத் திருடனாக்கினால்தான் உபேக்ஷா நிமிர முடியும் என்றால், அந்த நிமிர்வு எனக்கு வேண்டாம்.]

6

அடுத்த சனிக்கிழமை, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போவோம் என்று சொல்லி அவளை டவுனுக்குக் கூட்டிப்போனாள் சோமலதா. ஸ்டூடியோவில் நுழைந்தவுடன் ஆணியில் தொங்கிய கறுப்புக் கவுனை எடுத்து உதறினான் படக்காரன். பேசி வைத்திருந்தார்கள்.

"எந்தப் பீடம் மிஸ்? கவுனுக்கு மேல போடுற பட்டு மாலைக்கு நிறம் பாக்கணும்."

சோமலதா சொன்னாள்: "நல்ல எடுப்பான நிறமா போடு தம்பி. மஞ்சள் இருந்தா மஞ்சள். இவளுக்கு அது எடுபடும்."

"அம்மா, இது சாரி இல்ல. மஞ்சள் வேற ஏதோ பீடத்துக்கு. தெரிஞ்சவங்க பாத்தா சிரிப்பாங்க."

"எங்க ரோட்டுல தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

படக்காரன் ரிப்பன் கட்டிய காகிதச் சுருளை உபேக்ஷாவின் கையில் வைத்தான். அவள் ரிப்பனை அவிழ்த்தாள். சுருளை விரித்தாள். ஒரு சிமெந்துக் கம்பனியின் பழைய நாட்காட்டித் தாள், ஏப்ரல் மாதம். மறுபக்கம் வெறுமை.

"இதுல ஒண்ணும் எழுதல்லையே."

"எழுதினா நாங்க உள்ள போயிடுவோம் மிஸ்" என்றான் அவன், நிஜமான கவலையோடு. "வெறுங்காகிதம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுல குத்தமில்ல."

அவள் ஏப்ரலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் நிலையத்தில் நடந்த சண்டையை நான் கேட்டவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். சுண்டல் விற்பவர் பாதி சொன்னார், மீதியை உபேக்ஷா சொன்னாள்.

"இத்தனை வருஷமா இதை நான் தலையில வெச்சு சுமக்கிறேன்" என்றாள் அம்மா.

"நான் சுமக்கச் சொன்னேனா?"

"உனக்காகத்தானே."

"எனக்காகவா? நான் ஆபீஸ்ல யார்கிட்டயும் பொய் சொல்லல்ல. அங்க யாரும் என்னைப் பாவம்னு பாக்கல்ல. இங்க வந்தா மட்டும் நான் பஸ்ஸுல இருந்து இறங்கும்போதே வேற ஆளா இறங்கணும். எந்த வருஷம், எந்தப் பீடம்னு மனசுக்குள்ள பாடம் பண்ணிக்கிட்டு!"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது மகள். பேச்சுக்கு."

"பேச்சுக்குச் சொன்னதுக்கு யாராவது படம் எடுப்பாங்களா?"

சோமலதா ஒரு வழி கண்டுபிடித்தவளின் நிம்மதியோடு, மகளின் பையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"சரி, வாடகைக் கவுன் வேணாம். உங்க இடத்துலயும் விழா வைப்பாங்கதானே? அதுக்கும் கவுன் இருக்குன்னு சொன்னியே. அதைப் போட்டு எடு. அதுவும் கறுப்புத்தானே. சுவத்துல மாட்டினா யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

உபேக்ஷா பையை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். "அப்பதான் எனக்கு உண்மையாவே கோபம் வந்துச்சு" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "அதுக்கு முன்னால வந்தது எல்லாம் கோபமே இல்ல."

எனக்கு இது விளங்குகிறது. வாடகைக் கவுனில் பொய் மட்டும்தான் இருந்தது, கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். ஆனால் அவள் தானே உழைத்து எடுத்த கவுனை, அவள் எடுத்ததே இல்லாத ஒன்றின் அடையாளமாகச் சுவரில் தொங்கவிடுவார்கள். அவளுடைய உண்மை அந்தப் பொய்க்கு வேலைக்காரியாகும். பார்க்க வருபவர்கள் பாராட்டுவார்கள். அவள் தேநீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

7

இந்த இடத்தில் முடிவுகளைப் பரிசீலித்தேன்.

அ. கல்வி இணைப்புக்கான முடிவு. சில வருடங்கள் கழித்து உபேக்ஷா பெரிய நிறுவனமொன்றின் நிதித் தலைவி. வீட்டு வாசலில் கார். சோமலதா ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறாள். "என் பிள்ளையின் முடிவே சரி." ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கு வாந்தி வருகிறது. கார் வராவிட்டால் அவள் முடிவு தவறாகிவிடுமா? கம்பஸ் போய்விட்டு வேலையில்லாமல் இருப்பவனிடம் யாராவது காரைக் கேட்கிறார்களா?

ஆ. படம் எடுக்கிறாள். மாட்டுகிறார்கள். ஒரு கல்யாணப் பேச்சு வருகிறது, மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்து… (இதை நிறுத்திவிட்டேன். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

இ. வீட்டை விட்டுப் போகிறாள். இல்லை. அவள் எங்கும் போகமாட்டாள். ஒவ்வொரு வார இறுதியிலும் அதே பஸ்ஸில் அதே சந்தியில் இறங்குவாள். அம்மாவின் பொலஸ் கறி, அந்தப் பிஞ்சுப் பலாக்கறி, இல்லாமல் அவளால் இருக்க முடியாது. கோபம் இருந்தும் போகாமல் இருப்பவர்களைப் பற்றி எழுதுவது கடினம். அதனால்தான் நாம் எல்லோரையும் கதைகளில் வீட்டை விட்டு அனுப்புகிறோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சோமலதாவின் மேல் நான் கோபப்பட நினைத்த அளவுக்குக் கோபப்பட முடியவில்லை. அந்தப் பலகை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். என் கோபம் பலகையைத் தள்ளியவர்கள்மேல் போகிறது. ஒரு கட்டடத்தின் பெயரைச் சொன்னால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். ஒருத்தி செய்யும் வேலையைச் சொன்னால், தேங்காய்த் துருவலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வட்டத்தில் நானும் இருக்கிறேன். 'கம்பஸ் எப்படிப் போகுது மகள்?' என்று கேட்காதவர் இந்த ரோட்டில் யாருமில்லை.

8

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சனசமூக நிலையத்தில் நடந்தது. நான் போயிருந்தேன், நானும் சந்தாதாரன்தான். ஆகவே இதை யாரிடமும் கேட்டு எழுதவில்லை.

மேடைக்குப் பின்னால் ஒரு பதாகை. அதில் மூன்று வட்டங்கள். இரண்டில் கவுனோடு ஒரு பையனும் ஒரு பெண்ணும். மூன்றாவதில் படம் இல்லை, கீழே பெயர் மட்டும்: உபேக்ஷா வன்னிநாயக்க.

"மூணாவது மகளோட படம் கிடைக்கல்ல" என்றார் ஹேரத் சேர் ஒலிவாங்கியில். "பரவாயில்ல, ஆளே கிடைச்சிருக்கா!" சிரிப்பு. "வாங்க மகள், மேல வாங்க."

அவள் போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். போனாள். வேலைக்குப் போடும் நீலச் சட்டையும் கறுப்புப் பாவாடையும். சோமலதா மேடைக்குப் பக்கத்தில் மற்றப் பெண்களோடு கொக்கிஸ் பலகாரத் தட்டு ஏந்தி நின்றாள். பியதிலக்க கதவருகே நின்று வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ ஒரு பஸ் தாமதமானதைப் போல.

"எந்தக் கம்பஸ்னு நீங்களே சொல்லுங்க மகள்" என்று ஹேரத் சேர், ஒரு கையில் மாலையோடு, ஒலிவாங்கியை நீட்டினார். "எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நான் கம்பஸ் போகல்ல சேர்."

ஒலிவாங்கி கொஞ்சம் கீச்சிட்டது. யாரோ அதைச் சரிசெய்ய எழுந்தார்கள். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"இடம் கிடைச்சுது. நான்தான் போகல்ல. கணக்காய்வு செய்றேன். பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணிட்டேன், இனிப் பட்டயக் கணக்காளர். அதுக்கு மாலை போடுறதா இருந்தா போடுங்க. கம்பஸுக்குன்னா வேணாம்."

அவள் குரல் நடுங்கியது. நடுங்கவில்லை என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் நடுங்கியது. கோபத்தில்.

ஹேரத் சேரின் கையில் மாலை அப்படியே இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, குழம்பிப்போனார். மேடைக்குப் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பி, ஒலிவாங்கி இன்னும் உயிரோடு இருப்பதை மறந்து, கேட்டார்:

"சோமலதா, நீங்கதானே சொன்னீங்க கம்பஸ்னு?"

எல்லாத் தலைகளும் திரும்பின.

9

இங்கே நிறுத்துகிறேன். சோமலதா பதில் சொன்னாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், கேட்டது. ஆனால் எழுதமாட்டேன். அவள் உண்மையைச் சொன்னாள் என்று எழுதினால் கல்வி இணைப்பு அதை நம்பிக்கை என்று அச்சடிக்கும். மகளையே பொய்க்காரியாக்கினாள் என்று எழுதினால் நீங்கள் ஒரு தாயைத் திட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவீர்கள். இரண்டுமே உங்களுக்கு மிகவும் வசதி.

நீங்களே எழுதுங்கள். சில கட்டுப்பாடுகள் உண்டு. அவளை அழவைக்காதீர்கள், அவள் அழவில்லை. உபேக்ஷாவைக் கீழே இறக்காதீர்கள், அவள் பதில் வரும்வரை மேடையிலேயே நின்றாள். ஹேரத் சேரை நகைச்சுவை சொல்ல வைத்து எல்லோரையும் காப்பாற்றாதீர்கள். எழுதும்போது நீங்கள் அந்தக் கூடத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்கள் முகம் சோமலதாவுக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கப்போகிறாள்.

முதல் சொல்லை மட்டும் நான் தருகிறேன். அது அவள் சொன்னதுதான், என் காதால் கேட்டது.

சோமலதா கொக்கிஸ் தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். மகளைப் பார்க்கவில்லை, நேரே கூட்டத்தைப் பார்த்தாள்.

"நான்